அஞ்சு நாள் பயணத்துக்கு ஒரு ஆம்பிளை ஒரே ஒரு ஹாண்ட் லகேஜோட போகேலுமா?

கேட்டவர் அடுத்த மாசம் கொழும்பில இருந்து சென்னைக்கு அஞ்சு நாள் போறாராம், லகேஜ் இல்லாத டிக்கற் எடுத்துப்போட்டாராம், 7 கிலோவுக்குள்ள எல்லாத்தையும் அடக்கேலுமோ எண்டு பயப்பிடுறார். ஏலும் தம்பி. உங்களுக்கு இன்னும் கலியாணம் ஆகேல்ல எண்டு நினைச்சுத்தான் எழுதுறன், கட்டினவை இந்தக் கேள்விய இங்க வந்து கேக்கமாட்டினம், வீட்டுக்குள்ளயே கேட்டு வாங்கிக் கட்டுவினம்.

நான் ஒண்டும் உலகம் சுத்தின ஆள் இல்ல. வருசத்துக்கு ரெண்டு தரம், மிஞ்சினா மூண்டு தரம், சென்னை, சிங்கப்பூர், மலேசியா, அவ்வளவுதான். பேந்து கீழ வந்து "உமக்கென்ன தெரியும், நான் கனடாக்கு மைனஸ் இருபதில போனனான்" எண்டு எழுதாதேங்கோ. குளிர் நாட்டுக்கு இது பொருந்தாது.

எங்கட சொந்தத்துக்குள்ள எனக்கு கன காலமா ஒரு பேர் இருந்தது, "அவனைப் பாருங்கோ, ஒரு தோள்பையோட போறான் ஒரு தோள்பையோட வாறான்" எண்டு. மச்சான்மார் கட்டுநாயக்காவில ரெண்டு சூட்கேசை இழுத்துக்கொண்டு வேர்த்து விறுவிறுத்து நிக்கேக்க நான் கையை வீசிக்கொண்டு நிப்பன். கொஞ்சம் லெவலாயும் நிண்டிருப்பன், பொய் சொல்லக்கூடாது.

அந்த லெவல் 2023 இல போச்சு. சித்தியிட மகளுக்குச் சென்னையில வைகாசிக் கலியாணம். சித்தி ஆக்கள் 90 இல போய் வளசரவாக்கத்தில இருக்கினம். எங்கட மூத்தவளுக்கு அந்த நேரம்தான் ஓ எல் சோதினை, அதால மனிசி நிண்டுட்டா, நான் தனியப் போறன். 2022 இல டொலர் 200 இல இருந்து 360க்கு ஏறினதுக்குப் பிறகு டிக்கற் விலையப் பாத்தாலே தலை சுத்துறபடியா லகேஜ் இல்லாத டிக்கற்தான் நானும் எடுத்தனான். அதான் தம்பி உங்கட கேள்வியக் கண்ட உடன எனக்குக் கை துறுதுறுத்தது.

போறதுக்கு முதல் நாள் இரவு என்ர பேர்போன தோள்பையத் திறந்து அடுக்க வெளிக்கிட்டன். வேட்டி எங்க? பிரசர் குளிசை எங்க? சித்தாலேப எங்க? நகவெட்டி, சீப்பு, ஊசி நூல், போனுக்குப் போடுற வயர், கலியாண வீட்டுக்குக் குடுக்கிற என்வலப்? மனிசி சோபாவில இருந்தபடியே, "அதெல்லாம் ஒவ்வொரு தரமும் என்ர பெட்டியில வந்ததப்பா" எண்டா. சிரிக்கக்கூட இல்ல. அவவின்ர 23 கிலோ பெட்டியில பாதி என்ர சாமானாம், பதினாறு வருசமா. எனக்கு அது தெரியாது எண்டு சொன்னா நீங்க நம்பமாட்டீங்கள், ஆனா உண்மையாவே நான் யோசிச்சதே இல்ல.

(பெண்டுகள் கனக்கக் கொண்டுபோறவை எண்டு நக்கலடிக்கிற எங்கட ஆக்கள் ஒருக்காத் தனியப் பெட்டி அடுக்கிப் பாருங்கோ. நான் ஆரையும் குத்திக் காட்டேல்ல, என்னைத்தான் சொல்லுறன்.)

சரி, ஒரு மாதிரி அடுக்கி குளியலறைத் தராசில நான் பையோட ஏறி, பேந்து பையில்லாம ஏறிக் கழிச்சுப் பாத்தா 6 கிலோ 200. நல்ல சந்தோசம். விடிய எட்டு மணிக்குக் கொட்டாஞ்சேனையில இருந்து பெரியம்மா ஓட்டோ பிடிச்சு வந்து இறங்கினா. "தங்கச்சிக்கு ஒரு சின்னப் பார்சல், நீ சும்மாதானே போறாய்." சின்னப் பார்சலுக்குள்ள ஒடியல் மா ஒரு கிலோ, நெஸ்டமோல்ட் 400 கிராம் பக்கற் ரெண்டு, யாழ்ப்பாணத்து நெல்லி கிரஷ் பெரிய போத்தல் ஒண்டு. எழுபத்தாறு வயசு மனிசி அந்த வெயிலுக்குள்ள வந்து நிக்கேக்க எப்பிடி ஏலாது எண்டு சொல்லுறது?

கவுண்டர்ல பை 9.4. அந்தப் பிள்ளை, "சேர், செவன் மட்டும்தான்" எண்டுது. கூடின கிலோவுக்குக் கேட்ட காசுக்கு வெள்ளவத்தையில ரெண்டு சேட் எடுக்கலாம். பின்னால லைன்ல நிக்கிற சனம் பாக்கப் பாக்க நிலத்தில குந்தியிருந்து பையத் திறந்து பிளேசரை எடுத்துப் போட்டு, ரெண்டு பக்கப் பொக்கற்றிலயும் ஒவ்வொரு நெஸ்டமோல்ட்டைத் திணிச்சு, பவர் பாங்கையும் சார்ஜரையும் லோங்ஸ் பொக்கற்றில போட்டன். 7.3. பிள்ளை சிரிச்சுப்போட்டு ஸ்டிக்கரை ஒட்டி விட்டிட்டுது. பிறகு செக்கியூரிட்டியில நெல்லி கிரஷ் போத்தலைத் தூக்கிப் பாத்தாங்கள், பக்கத்தில இருந்த வாளிக்குள்ள வச்சாங்கள், முடிஞ்சுது. 2006 இல லண்டனில குளிர்பானப் போத்தலுக்குள்ள வெடிமருந்து கொண்டு ஏறப் பாத்த கேசுக்குப் பிறகு வந்த சட்டம் இது, 100 மில்லிக்கு மேல தண்ணிச் சாமான் கையில கொண்டு ஏறேலாது, ஆரோ எங்கயோ செய்யப் பாத்த வேலைக்கு பெரியம்மாவின்ர நெல்லி கிரஷ் போச்சு. சித்தி போனில, "பறிச்சவங்களோ? நீ வழியில குடிச்சிருப்பாய்" எண்டா. இண்டைவரைக்கும் அவ அதைத்தான் நம்புறா.

அதால தம்பி, நீங்க போறதை ஆருக்கும் சொல்லாதேங்கோ. வட்சப் ஸ்டேட்டஸ் போடுறதெண்டா அங்க போய் இறங்கினாப் பிறகு போடுங்கோ. கல்நெஞ்சன் எண்டு திட்டப் போறீங்கள், திட்டுங்கோ, பார்சல் தூக்கினவனுக்குத்தான் தெரியும்.

இனிப் பைக்கு வருவம். சில்லு வச்ச சின்னப் பெட்டி வெறுமனே ரெண்டரை மூண்டு கிலோ வரும், 7 இல அதுவே கிட்டத்தட்டப் பாதியத் திண்டிடும். துணித் தோள்பை ஒரு கிலோவுக்குள்ள முடிஞ்சிடும். டெனிமும் சப்பாத்தும் உங்கட மேலில போகவேணும், பைக்குள்ள இல்ல. உள்ளுக்குப் பாரமில்லாத லோங்ஸ் ஒண்டு, டீசேட் மூண்டு, சேட் ஒண்டு, உள்ளுடுப்பு நாலு, மேசு ரெண்டு சோடி. கலியாணம் எண்டா வேட்டி சேட், பிளேசர் வேண்டவே வேண்டாம், வைகாசியில சென்னையில பிளேசர் போட்ட ஒரே ஆள் நான்தான், மாப்பிள்ளைகூடப் போடேல்ல.

கட்டாயம் ஒரு சாரம். வெள்ளைக்காரன் வீடியோவில மைக்ரோஃபைபர் துவாய், ட்ரவல் பெட்சீட், நெக் பில்லோ எண்டு ஒவ்வொண்டா விக்கிறான், எங்கட அப்பாமார் இதெல்லாத்தையும் ஒரு சாரத்தில முடிச்சவை. குளிச்சுத் துடைக்கலாம், உடுத்திக்கொண்டு படுக்கலாம், ஏசி குளிருக்குப் போர்க்கலாம், சுருட்டித் தலைக்கு வைக்கலாம், வரேக்க ஊத்தை உடுப்பு முழுக்க அதுக்குள்ள போட்டு முடிச்சுக் கட்டலாம். மெல்லிய பருத்திச் சாரமா எடுங்கோ, தடிச்சது காயாது.

இரவில ரெண்டு உடுப்பைத் தோய்ச்சுப் போடப் பழகினாத்தான் இந்தக் கணக்குச் சரிவரும். பிழிஞ்ச உடுப்பை, தங்கிற இடத்தில இருக்கிற காய்ஞ்ச துவாய்க்குள்ள வச்சுச் சுருட்டி முறுக்கினா ஈரத்தில பெரும்பங்கு துவாய்க்குப் போயிடும், பொலியெஸ்டர் கலந்த டீசேட் எண்டா விடியக் காய்ஞ்சிருக்கும், தனிப் பருத்தி டீசேட் காயாது. போக முதல் வீட்டில ஒருக்காப் போட்டுப் பாக்கச் சொல்லுவன், ஆனா எங்க போட்டுப் பாக்கிறது? எங்கட ஃபிளாட்டில பல்கனியில உடுப்புக் காயப் போடக்கூடாது எண்டு கமிட்டி நோட்டீஸ் ஒட்டியிருக்கு, பில்டிங்கின்ர வடிவு கெட்டுப்போகுமாம். கீழ ஜெனரேட்டர் புகையால சுவர் கறுத்துக் கிடக்கு, லிஃப்ட் மாசத்துக்கு ரெண்டு தரம் நிக்குது, வடிவு என்ர பெனியனாலதான் கெடுதாம்! கடலுக்கு அரைக் கிலோமீற்றர், சோளகம் வீசுற மாசத்தில வீட்டுக்குள்ள போட்ட டெனிம் மூண்டு நாளானாலும் மணத்துக்கொண்டு கிடக்கும். மெயின்டனன்ஸ் காசு மட்டும் வருசா வருசம் ஏறுது. சரி விடுவம், அது வேற கதை.

சவரம் எண்டா தனிப் பிளேட் போடுற ரேசர் கொண்டுபோகாதேங்கோ, பிளேட்டை எடுத்திடுவாங்கள், கார்ட்ரிட்ஜ் ரேசர் பிரச்சினை இல்ல. அதவிட அங்க ஒரு சலூனுக்குப் போங்கோ, பாரமும் இல்ல ஊர்க் கதையும் கேக்கலாம். சவர்க்காரக் கட்டி பாதியா வெட்டி எடுத்தாக் காணும். எங்கட சதுரப் பின் பிளக் சித்தி வீட்டுச் சுவரில ஏறேல்ல, முதல் நாள் முழுக்க போன் செத்துக் கிடந்தது, அதால உருண்டைப் பின் அடப்டர் ஒண்டு புறக்கோட்டையில வாங்கி வையுங்கோ. அப்பிடியே கொழுவி நிறுக்கிற சின்னத் தராசையும் வாங்குங்கோ, வரேக்க தி.நகர்ல எடுத்த சாமானோட குளியலறைத் தராசு தேடித் திரியேலாது.

கேள்வியில கடைசியா லப்டொப்பும் பவர் பாங்கும் கேட்டிருந்தீங்கள். பவர் பாங் ஹாண்ட் லகேஜில மட்டும்தான் போகும், 100 வாட்-அவருக்குள்ள (Wh) இருக்கவேணும், 20,000 எம்ஏஎச் எண்டு எழுதியிருந்தா அது கிட்டத்தட்ட 74, பிரச்சினை இல்ல. ஆனா 2025 தையில தென்கொரியாவில ஒரு பிளேன், பவர் பாங்காலயாம், தரையில நிண்டபடியே எரிஞ்சதுக்குப் பிறகு சில எயார்லைன்ஸ் பவர் பாங்கை மேல லொக்கர்ல வைக்க விடுறேல்ல, அதால கையோட வச்சிருங்கோ. லப்டொப் வேலைக்கெண்டா எடுங்கோ, படம் பாக்க எண்டா விட்டிட்டுப் போங்கோ, சார்ஜரோட ரெண்டு கிலோ, கொழும்பு சென்னை ஒண்டரை மணித்தியாலம்கூட இல்ல.