ரயர் அழுத்தச் சென்சர்: "எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்றால் எதற்குப் பொருந்தும்?

கேள்வி (கல்லடி): ஒன்லைனில் சில்லுக்குள் பூட்டும் ரயர் அழுத்தச் சென்சர் ஒன்றுக்கு, "98 சதவீத வாகனங்களுக்குப் பொருந்தும்" என்று போட்டிருக்கிறார்கள். என்னுடையது ஜப்பானிலிருந்து வந்த டொயோட்டா அக்வா. வாங்கலாமா?

பதில்: காசைக் கட்டும் முன் சாவியை ஓன் நிலைக்குக் கொண்டுவந்து மீட்டர் பலகையைப் பாருங்கள். குதிரை லாடம் போன்ற வளைவுக்குள் ஆச்சரியக்குறி உள்ள மஞ்சள் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். அது எரியவே இல்லையென்றால் அநேகமாக ரயர் காற்றுக் குறைவை எச்சரிக்கும் வசதி உங்கள் வாகனத்தில் இல்லை. சென்சரைப் பூட்டினாலும் அது சொல்வதைக் கேட்க ஆள் இருக்காது. அமெரிக்காவில் 2008 மொடலிலிருந்தும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்தும் புதிய கார்களுக்கு இது கட்டாயம். ஜப்பானில் அப்படிக் கட்டாயம் இல்லை.

இனி அந்த 98. எதில் 98 என்பதை விற்பவர் சொல்வதில்லை. பெரும்பாலும் அமெரிக்க அல்லது ஐரோப்பிய மொடல் பட்டியலில்தான். நம்முடைய அக்வா அமெரிக்காவில் 'பிரியஸ் சி' என்ற பெயரில் விற்கப்பட்டது. ஒரே உடம்புதானே என்று அக்வாவையும் அதே வரிசையில் எழுதிவிடுவார்கள்.

'பொருந்தும்' என்ற சொல்லுக்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. வாகனத்தின் சமிக்ஞை முறையைச் சென்சரில் ஏற்ற முடியுமா? பூட்டிய பிறகு ரயர் கடையின் வாசிப்புக் கருவி அதைத் தட்டி எழுப்பி வாசிக்குமா? புதிய சென்சரின் அடையாள இலக்கத்தை வாகனத்தின் கணினியில் பதிய முடியுமா? முதலாவது மட்டும் நடந்தாலே 'பொருந்தும்' கணக்கில் சேர்த்துவிடும் பட்டியல்கள் உண்டு. ஆகவே மொடல் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். NHP10 போன்ற சேசி குறியீட்டையும் தயாரிப்பு மாதத்தையும் கொடுத்து, மூன்றும் நடக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். ஜப்பான் உள்ளூர் வாகனத்துக்கு 17 எழுத்து வாகன அடையாள இலக்கம் (VIN) கிடையாது. அந்த இலக்கத்தை வைத்துத் தேடும் பட்டியலில் உங்கள் வாகனம் அகப்படாது.

கேள்வி (அக்கரைப்பற்று): சென்சரின் அலைவரிசை 315, 433 இரண்டில் எதை வாங்குவது?

பதில்: கழற்றிய பழைய சென்சரின் உடம்பிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். வட அமெரிக்க வாகனங்களில் 315 மெகாஹேர்ட்ஸ் அதிகம், ஐரோப்பியவற்றில் 433. நான்கு சில்லில் ஒன்றின் அலைவரிசை மாறினாலும் அந்தச் சில்லு 'காணவில்லை' என்றே வாகனம் சொல்லும். சில கார்களில் சில்லுக்குள் சென்சரே இராது. ஏபிஎஸ் பிரேக்கின் சென்சரை வைத்துச் சுழற்சி வேகத்தால் கணிப்பார்கள். அவற்றுக்கு ஒன்றும் வாங்க வேண்டாம், காற்றைச் சரிசெய்து மீளமைப்பு பொத்தானை அழுத்தினால் போதும்.

கேள்வி (கல்முனை, ரயர் கடை): ஒரு சென்சரை மாற்றினோம். விளக்கு மினுங்குகிறது. காற்று சரியாகத்தான் இருக்கிறது.

பதில்: சாவி போட்டதும் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் மினுங்கிவிட்டு நிலையாக எரிந்தால் அது கோளாறு. தொடக்கத்திலேயே நிலையாக எரிந்தால் காற்றுக் குறைவு. உங்களுடையது முதலாவது வகை, அநேகமாகப் புதிய சென்சரின் இலக்கம் பதியப்படவில்லை. டொயோட்டா பலவற்றில் ஓபிடி (வாகனக் கணினியோடு கருவியை இணைக்கும் செருகி) வழியாக எழுத வேண்டும். கொரிய வாகனங்கள் பல, கொஞ்சநேரம் நிறுத்திவைத்து 10–20 நிமிடம் ஓட்டினால் தாமே பிடித்துக்கொள்ளும்.

அடுத்த முறை ரயரைக் கழற்றும் முன்பே நான்கு இலக்கங்களையும் கருவியால் வாசித்துக் குறித்து வையுங்கள். பழைய இலக்கத்தை, இலக்கம் ஏற்றாத வெற்றுச் சென்சருக்கு நகலெடுத்தால் வாகனத்தில் எதையும் தொட வேண்டியதில்லை. பற்றரி செத்த சென்சர் பேசாது, ஆனால் இலக்கம் பெரும்பாலும் அதன் உடம்பில் அச்சிட்டிருக்கும். பற்றரி 5 முதல் 10 வருடம் வரும், பிசினில் மூடியிருப்பதால் தனியாக மாற்ற வழியில்லை. ஒன்று வயதாகிச் செத்தால் மற்ற மூன்றும் அதே வயதுதான். வாடிக்கையாளருக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (பாசிக்குடா): சென்சரின் வால்வுத் தண்டு கையோடு ஒடிந்து வந்துவிட்டது. மூடியும் இறுகிப் போயிருந்தது.

பதில்: கடலோரத்தில் இது வழக்கம். தண்டு அலுமினியம். உள்ளே சாதாரணப் பித்தளை ஊசியைப் போட்டால், உப்பு ஈரத்தில் அலுமினியம் அரிபட்டு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். நிக்கல் பூசிய ஊசியைத்தான் போட வேண்டும். பித்தளை மூடியும் அதே வேலையைச் செய்யும், ஆகவே உள்ளே ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் மூடி நல்லது. ரயர் கழற்றும் ஒவ்வொரு முறையும் ரப்பர் வளையம், நட், ஊசி, மூடி நான்கையும் புதிதாக்குங்கள். சென்சரின் விலைக்கு முன் இவை சில்லறைக் காசு. நட்டைக் கைப்பலத்தில் முறுக்காமல் பொதியில் குறிப்பிட்ட அளவுக்கு டோர்க் ரென்ச்சால் முறுக்க வேண்டும். பல சென்சர்களில் அது 4 முதல் 8 நியூட்டன் மீற்றர்தான். ஓட்டை அடைக்கும் திரவம் ஊற்றியிருந்தால் சென்சரின் சிறு துவாரம் அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி (அம்பாறை): நுவரெலியா போனால் மட்டும் காலையில் விளக்கு எரிகிறது. சென்சர் பழுதா?

பதில்: 33 பிஎஸ்ஐ உள்ள ரயர் 30 பாகையிலிருந்து 15 பாகைக்கு வந்தால் ஏறக்குறைய இரண்டரை பிஎஸ்ஐ இறங்கும். சரியான அளவின் 20–25 சதவீதம் குறைந்தால்தான் விளக்கு எரியும். ஆகவே ஊரிலேயே 28 அளவில் ஓடியிருக்கிறீர்கள். வெயிலில் ஓடிவந்த கையோடு பார்த்திருப்பீர்கள், சூட்டில் 4 பிஎஸ்ஐ கூடக் காட்டும். காலையில் ஓட்டும் முன், கதவோர ஒட்டியில் உள்ள அளவுக்கு நிரப்புங்கள்.

கேள்வி (செங்கலடி): வால்வு மூடிபோலத் திருகும் சென்சர்கள் எப்படி?

பதில்: வசதி இல்லாத வாகனத்துக்கு மலிவான வழி. ஆனால் ரப்பர் வால்வில் அதன் பாரம் ஆடி ஆடி அடியில் வெடிப்பு விழும், உலோக வால்வு போட்டுவிட்டுப் பூட்டுங்கள்.