முதலிடக் கணக்கை நம்பி ஃப்ளைட் ஏறலாமா?

வியாசர்பாடித் தம்பி கேட்டது: "ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பயோமெடிக்கல் எம்.எஸ். சீட் கிடைத்திருக்கிறது. ஆராய்ச்சிக்கு அமெரிக்காவிலேயே அதிகம் செலவழிக்கிற பல்கலைக்கழகமாமே, போனதும் ஒரு லேபில் சேர்ந்து ஃபீஸைச் சமாளிக்கலாமா?"

முதலிடம் உண்மைதான் தம்பி, 1979-லிருந்து கைமாறவில்லை. ஆனால் அந்தத் தொகையில் பெரும்பங்கு லாரல் என்ற ஊரில் அதே பல்கலைக்கழகம் நடத்துகிற அப்ளைடு பிசிக்ஸ் லேபுக்குப் போகிறது. 1942-ல், போர்க்காலத்தில் பிறந்தது அது. இன்றும் ராணுவம், விண்வெளி என்று ஓடுவதால், அங்கே பெரும்பாலான வேலைக்கு அமெரிக்கக் குடியுரிமை கேட்பார்கள். எஃப்-1 என்கிற மாணவர் விசாக்காரர் அந்தக் காசைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

உங்களுக்கு ஆகிற பலம் வேறு. பால்டிமோர் வியாபாரி ஹாப்கின்ஸ் 1873-ல் இறந்தபோது விட்டுப்போன 70 லட்சம் டாலரில் பாதி பல்கலைக்கழகத்துக்கு, பாதி ஆஸ்பத்திரிக்கு. 1876-ல் முதல் தலைவர் கில்மன் ஜெர்மன் பாணியில், ஆராய்ச்சியை முன்வைத்துத் தொடங்கினார். ஆஸ்பத்திரி 1889, மருத்துவப் பள்ளி 1893, பொதுச் சுகாதாரப் பள்ளி 1916. வார்டும் லேபும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுதான் உங்கள் துறைக்கு அங்கே மவுசு. அதனால் ஹோம்வுட் என்கிற முதன்மை வளாகத்தோடு நிற்காமல், மருத்துவ வளாகத்து லேப்களுக்கும் இப்போதே மெயில் போடுங்கள். இரண்டுக்கும் நடுவே பெரம்பூர் டு ராயபுரம் தூரம்தான், ஷட்டில் இலவசம்.

பிஎச்.டி.க்கு உதவித்தொகை உண்டு, எம்.எஸ்.ஸுக்குப் பொதுவாகக் கிடையாது. மணிக்கூலி வேலை கிடைத்தாலும் வகுப்பு நடக்கும்போது வாரம் 20 மணி நேரம்தான். கைச்செலவுக்கு ஆகும், ஃபீஸுக்கு எட்டாது.

மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தருகிற ஐ-20 படிவத்துக்கு, முதல் வருஷச் செலவு முழுவதற்கும் எடுத்துச் செலவழிக்கக்கூடிய பணம் காட்ட வேண்டும்: சேவிங்ஸ், எஃப்.டி., கடன் சாங்ஷன் லெட்டர். பலர் இங்கேதான் நாட்களை வீணாக்குகிறார்கள். கொடுங்கையூர் வீட்டின் மதிப்புச் சான்று அதில் சேராது; அதே வீட்டை வைத்து பேங்க் சாங்ஷன் செய்த கடன் சேரும்.

கடைசியாக, பெயர். 'ஜான்' இல்லாமல் 'ஜான்ஸ்' என்றிருப்பது அச்சுப்பிழையில்லை, வியாபாரி ஹாப்கின்ஸின் கொள்ளுப்பாட்டியின் குடும்பப்பெயர், முதல் பெயராக வந்துவிட்டது. இனிஷியல்காரர்களான நமக்கு நேர்மாறு. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியென்றால், விசாவில் நம் பெயர் சர்நேம் ஆகி, முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகும். பிறகு பேங்க், லைசென்ஸ் எல்லாவற்றிலும் அதுவே தொடரும். அப்பா பெயரை முழுதாகச் சேர்த்துப் பாஸ்போர்ட்டை மாற்றிவிட்டு, அதே ஸ்பெல்லிங்கில் ஐ-20 வாங்குங்கள்.