வாசகர் கேள்வி – பதில்: கொக்டெய்ல் சுவைக்கப் போகும் மாலை

கேள்வி: கனடாவில் வசிக்கும் என் மைத்துனர் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறார். வருகிற சனிக்கிழமை மாலை, உப்புவெளிக் கடற்கரையோரம் உள்ள ஹொட்டேல் ஒன்றின் அழகான பாருக்கு என்னை அழைத்துச் சென்று நாலைந்து வகைக் கொக்டெய்லைச் சுவைபார்க்க வைக்க வேண்டும் என்கிறார். பியரும் சாராயமும் தவிர வேறெதுவும் குடித்துப் பழக்கமில்லாத நான், அங்கே எதைக் கேட்பது, எதிலிருந்து தொடங்குவது? நம்மூர்ச் சாராயத்தையும் கலவையாகத் தருகிறார்களாம். அது அப்படிப்பட்ட இடத்தில் கேட்கத் தக்கதுதானா?
— வாசகர், திருகோணமலை

பதில்: கொக்டெய்ல் என்றால் என்ன என்று 1806 இல் நியூயோர்க் மாநிலத்துப் பத்திரிகை ஒன்றுக்கு உங்களைப் போலவே ஒரு வாசகர் எழுதிக் கேட்டார். மதுவகை ஏதேனும் ஒன்று, சீனி, தண்ணீர், கசப்புச் சாறு (மூலிகைகளை மதுசாரத்தில் ஊறவைத்து எடுக்கும் பிற்றர்ஸ்) ஆகியவற்றின் கலவை என்று அதன் ஆசிரியர் விடையளித்தார். இந்த நான்கோடு தேசிக்காயின் புளிப்பையும் சேர்த்துக்கொண்டால், இன்றைய பட்டியல்களில் உள்ள பெரும்பாலான பெயர்களை நீங்கள் விளங்கிக்கொள்ளலாம். ஆகவே பெயர்களைக் கண்டு மலைக்காமல், ஒவ்வொன்றின் கீழும் அச்சிட்டிருக்கும் சேர்மானங்களைப் படியுங்கள்; அவற்றில் தேசிக்காய் இருக்கிறதா இல்லையா என்பதை முதலில் பாருங்கள்.

தேசிக்காய்ச் சாறு சேர்ந்தவற்றை ஐஸ்கட்டியோடு மூடிய குவளையில் இட்டுக் குலுக்குவார்கள். மதுவகைகள் மட்டுமே சேர்ந்தவற்றை நீண்ட கரண்டியால் மெதுவாகக் கலக்குவார்கள். முதல் கிண்ணமாகக் குலுக்கிய வகை ஒன்றைக் கேளுங்கள். கியூபாவில் பிறந்த டைக்கிரியில் ரம், தேசிக்காய், சீனி ஆகிய மூன்று மட்டுமே உண்டு. ஒளித்துவைக்க வேறெதுவும் இல்லாத காரணத்தால், ஒரு பாரின் தரத்தை அறிய அதைவிட நல்ல பானம் இல்லை என்பது என் துணிபு. சொதிக்குத் தேசிக்காய்ப் புளியை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே விடுவதுபோல, இதற்கும் சாற்றை அந்த நேரத்திலேயே பிழிய வேண்டும். காலையில் பிழிந்து போத்தலில் நிறுத்திவைத்த சாறு என்றால், முதல் மிடறிலேயே அது தெரிந்துவிடும்.

சாராயம் கேட்கத் தக்கதா என்று நீங்கள் தயங்குவது எனக்கு வருத்தம் தருகிறது. தென்னம்பாளையைச் சீவி இறக்கிய கள்ளு அன்றைக்கே புளித்துப் பொங்க, அதை வடித்து எடுக்கும் சாராயத்தை ஹல்மில்லை மரத்தாலான பெரிய பீப்பாய்களில் முதிரவைப்பது இந்நாட்டு மரபு. நம்மவர் சாவண்டலை என்று சொல்லும் அந்த மரம் மரவணிகத்தில் திருகோணமலை மரம் என்றே அறியப்பட்டது. ஸ்கொட்லாந்துக்காரர் தம் விஸ்கியையும் கியூபாக்காரர் தம் ரம்மையும் பெருமையோடு விருந்தினருக்கு ஊற்றும்போது, நாம் மட்டும் ஏன் நம் சாராயத்தை மேசைக்கடியில் வைத்துக் குடிக்கும் பொருளாக எண்ண வேண்டும்? தயங்காமல் கேளுங்கள். ஆனால் சாராயம் என்று விற்கப்படும் எல்லாப் போத்தல்களும் முற்றிலும் தென்னையிலிருந்து வந்தவை அல்ல. வேறு வடிமதுவைக் கலந்தவையும் உண்டு என்பதால், கலவைக்கு எதை எடுக்கிறார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். தூய தென்னஞ்சாராயத்தோடு தேசிக்காயும் சிறிதளவு கித்துள் பாணியும் சேர்த்துக் குலுக்கி, மேலே சில துளி கசப்புச் சாறு விட்டால், தென்னம்பூவின் மணம் கெடாத பானம் ஒன்று கிடைக்கும். கோலாவோடு கலந்தால் அந்த மணம் மூழ்கிவிடும்.

புளிப்பு வகைகளுக்குப் பின்னரே கசப்புக்குச் செல்லுங்கள். ஜின், கம்பாரி என்னும் கசப்பு மது, மூலிகை சேர்ந்த வைனான இனிப்பு வெர்மூத் ஆகியவற்றைச் சம அளவில் கலந்த நெக்ரோனியை முதன்முறை குடிப்பவர் முகத்தைச் சுளிப்பதுண்டு. அதனால் விட்டுவிட வேண்டாம். அதைத் தரும்போது பார்டெண்டர் தோடம்பழத் தோலின் சீவல் ஒன்றைக் கிண்ணத்தின் மேல் பிடித்து முறுக்குவார். பானத்தின் மேற்பரப்பில் நுண்ணிய எண்ணெய்ப் பொட்டுகள் மினுங்கிப் பரவுவதைக் கிட்டக் குனிந்தால் காணலாம். அந்த வாசனையை முகர்ந்துவிட்டு ஒரு சிறு மிடறு குடியுங்கள். பிறகு ஐஸ்கட்டி சற்று உருகும்வரை பொறுத்து இன்னொரு மிடறு குடியுங்கள். உருகிய நீர் கசப்பைத் தணித்து, உள்ளே இருந்த மூலிகை மணங்களை வெளியே கொண்டுவரும்.

இனி அளவைப் பற்றி. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 60 மில்லிலீற்றர் ரம் ஊற்றிய டைக்கிரியிலும், மூன்றையும் 30 மில்லிலீற்றர் வீதம் ஊற்றிய நெக்ரோனியிலும் ஏறத்தாழ 19 கிராம் தூய மதுசாரம் இருக்கிறது. அதாவது, 330 மில்லிலீற்றர் பியர் போத்தல் ஒன்றரையில் இருக்கும் அளவு. ஒன்று சர்பத்தைப் போல இறங்கும், மற்றது மருந்தைப் போல இறங்கும். ஈரலுக்கோ இரண்டும் ஒன்றுதான், அதை அகற்ற அதற்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். எனவே நாலைந்து வகை என்ற உங்கள் மைத்துனரின் திட்டத்தை, ஆளுக்கொரு கிண்ணம் என்றில்லாமல் இருவருக்கும் ஒரு கிண்ணம் என்று மாற்றிக்கொள்ளுங்கள். கூடுதலாக ஒரு வெறுங் கிண்ணம் கேட்டால் எந்த நல்ல பாரிலும் மறுக்கமாட்டார்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ஒவ்வொரு பானத்துக்கும் இடையில் ஒரு கிளாஸ் தண்ணீர் குடியுங்கள். டெவில் செய்த கணவாய் இந்தக் கரையில் அருமையாகக் கிடைக்கும், ஆனால் அந்த உறைப்பு நாக்கை மரக்கச் செய்துவிடும். சுவைபார்த்து முடித்த பிறகு அதைக் கேளுங்கள். பட்டியலிலுள்ள விலையோடு 10 சதவீதச் சேவைக் கட்டணமும் 18 சதவீதப் பெறுமதிசேர் வரியும் சேர்க்கப்படுவதுண்டு என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு, போகவும் வரவும் முச்சக்கரவண்டி பிடியுங்கள்.

கேள்வி: இடமாற்றம் பெற்றுச் செல்லும் எங்கள் அலுவலக உயரதிகாரிக்கு ஹொட்டேல் பார் ஒன்றில் பிரியாவிடை வைக்கிறார்கள். மது என் மார்க்கத்தில் விலக்கப்பட்டது. போகாமல் விட்டால் அவர் மனம் வருந்துவார். அங்கே நான் எதை நம்பிக் கேட்கலாம்?
— வாசகர், மூதூர்

பதில்: மதுசாரம் அற்ற கலவைகள் இப்போது எல்லா நல்ல பார்களின் பட்டியலிலும் தனிப் பகுதியாகவே இருக்கின்றன. எனினும் நீங்கள் இரண்டு விடயங்களை வெளிப்படையாகச் சொல்லிக் கேட்க வேண்டும். முதலாவது, கசப்புச் சாறு வேண்டாம் என்பது. ஜேர்மன் மருத்துவர் ஒருவர் 1824 இல் வெனிசுவேலாவில் வயிற்றுக் கோளாறுக்கு மருந்தாக ஆக்கிய அங்கொஸ்ரூரா என்னும் சாற்றைச் சோடாவிலும் இஞ்சிப் பானத்திலும்கூடச் சில துளி விடும் வழக்கம் உண்டு. அதில் மதுசாரம் சுமார் 45 சதவீதம். இரண்டாவது, உங்கள் பானத்தைக் குலுக்கும் குவளையும் வடிகட்டியும் புதிதாகக் கழுவியவையாக இருக்க வேண்டும் என்பது. சங்கடப்படாமல் கேளுங்கள், தொழில் தெரிந்தவர் இதைக் குறையாக எடுத்துக்கொள்ளமாட்டார். இளநீரில் தேசிக்காயும் புதினாவும் சேர்த்துத் தரச் சொல்லலாம், அல்லது கறுவாப்பட்டை போட்டுக் காய்ச்சிய சீனிப்பாணியோடு இஞ்சிச் சாறும் சோடாவும் கேட்கலாம்.

மதுப் புழங்கும் மேசையில் அமர்வதே உங்கள் மனத்துக்கு ஒவ்வாதது என்றால், பானங்கள் வருமுன் நடக்கும் பாராட்டுரைகளுக்கு மட்டும் போய், அதிகாரியின் கையைப் பற்றி வாழ்த்திவிட்டு விடைபெறுங்கள். நாலுபேர் முன்னிலையில் ஒருவரை ஒரு துளியாவது குடி என்று வற்புறுத்துவது நட்பாகாது. அப்படிச் சொல்பவருக்கு நீங்கள் விளக்கம் அளிக்க வேண்டிய கடமை இல்லை.

கேள்வி: 19 வயது மகனோடு சென்ற மாதம் ஒரு பாருக்குப் போனோம். அன்று எவருக்குமே மது தரமுடியாது என்றுவிட்டார்கள். இது என்ன முறை?
— வாசகர், நிலாவெளி

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் திகதி பௌர்ணமி. போயா தினங்களில் நாடெங்கும் மது விற்பனைக்குத் தடை இருப்பதால் அவர்கள் மறுத்தது சரியே. மற்ற நாட்களிலும், 21 வயது நிறையாதவருக்கு மது விற்பதை 2006 ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அடுத்த முறை போகும்போது, மகனுக்கு மூதூர் வாசகருக்குச் சொன்ன இளநீர்க் கலவையைக் கேளுங்கள்.