பத்து சதவீதம் எப்படிப் பதினெட்டு ஆகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடன் சம்பந்தப்பட்டவை. அவற்றிலும் பாதி, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டவை. போடுவதற்கு முந்தின நாள் கேளுங்கள் என்று எத்தனை தடவை எழுதுவது? எந்தக் கடனாக இருந்தாலும் மூன்று எண்களை எழுத்தில் வாங்குங்கள்: கைக்கு வருவது எவ்வளவு, கையைவிட்டுப் போவது மொத்தம் எவ்வளவு, எத்தனை மாதத்தில். கீழே இது திரும்பத் திரும்ப வரும். வேண்டுமென்றேதான் எழுதுகிறேன்.

கேள்வி: 40,000 விலையுள்ள போன், 12 மாதத் தவணை, வட்டியே கிடையாது என்கிறார்கள். வாங்கலாமா?

"மொத்தப் பணத்தையும் இப்போதே கட்டினால் என்ன விலை?" என்று முதலில் கேளுங்கள். 37,000 என்று பதில் வந்தால் அந்த 3,000தான் வட்டி. வருடக் கணக்கில் 14, 15 சதவீதம் வந்துவிடும். ப்ராசஸிங் கட்டணம் இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். ரொக்க விலையும் தவணை விலையும் ஒன்றுதான், வேறு கட்டணமும் இல்லை என்றால் தாராளமாக வாங்கலாம். ஒரு தவணை தவறினால் என்ன அபராதம் என்பதை மட்டும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வண்டிக் கடனுக்கு வங்கியில் 14 சதவீதம் கேட்கிறார்கள். ஷோரூமிலேயே உட்கார்ந்திருக்கும் நிதி நிறுவனத்தின் ஆள் 10 சதவீதம்தான், ஃப்ளாட் ரேட் என்கிறார். நான் எதற்கு வங்கிக்கு அலைய வேண்டும்?

அலையுங்கள். இதில் 14தான் மலிவு, 10தான் அதிகம்.

1 லட்சம், 3 வருடம் என்று வைத்துக்கொள்வோம். ஃப்ளாட் 10 சதவீதத்தில் வருடத்துக்கு 10,000 வீதம் 30,000 வட்டி. அதை அசலோடு கூட்டி 36-ஆல் வகுத்தால் மாதம் 3,611. வங்கி சொல்லும் 14 சதவீதம், குறைந்துகொண்டே வரும் பாக்கிக்கு மட்டும் போடுவது. அதில் மாதத் தவணை 3,420 அளவில் நிற்கும், மொத்த வட்டி 23,000. ஏழாயிரம் வித்தியாசம். வங்கி கணக்குப் போடும் விதத்திலேயே அந்த ஃப்ளாட் பத்தையும் போட்டுப் பார்த்தால் ஏறத்தாழ 18 சதவீதம் வருகிறது.

மாதாமாதம் நீங்கள் வட்டியோடு அசலையும் சேர்த்துத்தான் திருப்பிக் கொடுக்கிறீர்கள். ஒன்றரை வருடம் போனால் உங்களிடம் இருப்பது பாதிக் கடன்தான். ஃப்ளாட்டில் கடைசி மாதம் வரைக்கும் முழு 1 லட்சத்துக்கும் வட்டி ஓடுகிறது. 36-வது மாதத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். பாக்கி அசல் 2,778. அந்த ஒரு மாதத்துக்கு அதன்மேல் வாங்கும் வட்டி 833. மாதத்துக்கு 30 சதவீதம்!

நான் கடன் பிரிவில் வேலை பார்த்த நாட்களில் ஒரு பெண்மணி தவணைப் புத்தகத்தோடு வந்தார். வேறோர் இடத்தில் வாங்கிய கடன், இதே தொகை, இதே வட்டி. இருபது மாதம் ஒரு நாள் தவறாமல் கட்டியிருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் நீல மையில் ஒரு டிக், பக்கத்தில் தேதி. மீதியை ஒரேயடியாக அடைத்துவிடலாம் என்று, பாக்கி அசலை அவரே கணக்குப் போட்டு 45,000 எடுத்து வைத்திருந்தார். "பாதிக்கு மேல கட்டிட்டேன் சார், இது போதும்தானே?" என்று கேட்டார். ஒப்பந்தத்தைப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில், கடைசிக்கு முந்தின பத்தியில், முன்கூட்டி அடைத்தாலும் முழுக் காலத்துக்கான வட்டியையும் கட்ட வேண்டும் என்று இருந்தது. மீதி 16 தவணையை அப்படியே பெருக்கிக் கால்குலேட்டரை அவர் பக்கம் திருப்பினேன். 57,776. இரண்டு மூன்று தடவை அந்த எண்ணைப் பார்த்தார், புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார். பதினாறு மாதமும் கட்டித்தான் முடித்தார். எனக்கு அன்றிலிருந்து ஃப்ளாட் என்ற சொல்லைக் கேட்டாலே மனசு ஆறுவதில்லை.

இது கணக்குத் தெரியாதவர்களுக்கு மட்டும் வைக்கும் பொறி என்று நினைக்காதீர்கள். ஒருவர் கிலோவில் விலை சொல்கிறார், இன்னொருவர் பவுண்டில் சொல்கிறார், இரண்டு பேரும் அளவை மட்டும் வாயைத் திறந்து சொல்வதில்லை. படித்தவர்களும் இங்கேதான் விழுகிறார்கள். கடன் கொடுப்பவர் வட்டியையும் முக்கியமான கட்டணங்களையும் சேர்த்து ஒரே முறையில் ஆண்டு சதவீதமாகச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவில் 1968-லேயே சட்டம் வந்துவிட்டது. ஏபிஆர் என்பது அதுதான். பிறகு பல நாடுகளும் இதுபோலச் சட்டம் போட்டன. காகிதத்தில் எங்கோ அந்த எண் இருக்கும். வாயால் சொல்வதும் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவதும் இன்னமும் ஃப்ளாட்தான். அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் இப்படி நடக்கிறது என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆகவே, "ஃப்ளாட்டா, டிமினிஷிங்கா (குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டியா)?" என்று கேளுங்கள். ஃப்ளாட் என்றால் சொன்ன எண்ணை 1.8-ஆல் பெருக்குங்கள்; இரண்டு மூன்று வருடக் கடனுக்கு இது கிட்டத்தட்டச் சரியாக வரும். முன்கூட்டி அடைத்தால் மீதி வட்டி தள்ளுபடி உண்டா என்று கேளுங்கள். முதல் இரண்டு தவணையை முன்பணமாகப் பிடித்துக்கொண்டால் கைக்கு வருவது 1 லட்சமே இல்லை, வட்டி இன்னும் ஏறும். பிறகு அந்த மூன்று எண்கள், எழுத்தில்.

கேள்வி: கிரெடிட் கார்டில் மாதாமாதம் மினிமம் டியூவைத் தவறாமல் கட்டுகிறேன். ஆனாலும் பாக்கி குறையவே மாட்டேன் என்கிறது. வங்கி தப்பு செய்கிறதா?

இல்லை. பில்லில் போட்டிருப்பதை நீங்கள் படிக்கவில்லை. பாக்கி 50,000, வட்டி மாதம் 3 சதவீதம், மினிமம் 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டும் 2,500 சொச்சத்தில் 1,500 வட்டிக்கே போகிறது. இப்படியே கட்டிக்கொண்டு போனால் பாக்கி பாதியாக இரண்டரை வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் 60,000 கட்டியிருப்பீர்கள், கடன் குறைந்திருப்பது 25,000. அதுவும் கார்டைத் தொடாமல் இருந்தால்தான். பாக்கி வைத்திருக்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்குப் பொதுவாக வட்டியில்லா நாட்கள் கிடையாது, வாங்கிய அன்றே வட்டி ஆரம்பம். கார்டை அலமாரியில் வையுங்கள். வட்டி குறைவான தனிநபர் கடன் கிடைத்தால் வாங்கி இதை மொத்தமாக அடையுங்கள். அந்தக் கடனுக்கும் மூன்று எண்கள்.

கேள்வி: மைத்துனர் கேட்டார் என்று ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். "வெறும் சாட்சிதான் மாமா" என்றார். இப்போது எனக்கு நோட்டீஸ் வருகிறது. நான் ஒரு பைசா வாங்கவில்லையே?

வாங்கவில்லை, ஆனால் கட்டுகிறேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். சாட்சி வேறு, ஜாமீன் வேறு. எதில் போட்டோம் என்று படிக்காமல் போட்டுவிட்டு "வாங்கவில்லையே" என்றால் கடன் கொடுத்த யாரும் ஏற்கமாட்டார். ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்குங்கள், வழக்கறிஞரிடம் காட்டுங்கள், நோட்டீஸுக்கு உரிய நாளுக்குள் பதில் போடுங்கள். மைத்துனரையும் கூட்டிக்கொண்டு போய்த் தவணையை நீட்டித் தரச் சொல்லிக் கேட்கலாம். நோட்டீஸை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டுச் சும்மா இருப்பதுதான் இதில் மிக மோசமான வழி.

கேள்வி: 3 லட்சம் கடன் தயார், காப்பீட்டுக் கட்டணம் 4,500 மட்டும் முதலில் அனுப்புங்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒப்புதல் கடிதம் வந்திருக்கிறது.

அனுப்பாதீர்கள். 4,500 போனதும் "வரி" என்று 9,000 கேட்பார்கள். கடன் வராது.

கேள்வி: நண்பர் ஒரு திட்டத்தில் பணம் போட்டு மாதம் 5 சதவீதம் வாங்குகிறார். மூன்று மாதம் டாணென்று வந்துவிட்டது. நான் 5 லட்சம் போடலாமா?

வேண்டாம். உங்கள் நண்பர் கைக்கு இதுவரை வந்தது அவர் போட்டதில் 15 சதவீதம்தான். மீதி 85 இன்னும் அவர்களிடம் இருக்கிறது. வந்ததைத் திரும்பத் திரும்ப அதிலேயே போட்டால் வருடத்துக்கு 80 சதவீதம் ஆகும். அவ்வளவு சம்பாதிக்கும் வழி தெரிந்தவர் வங்கியில் 14 சதவீதத்துக்குக் கடன் வாங்கியே பெரும் பணக்காரர் ஆகிவிடலாம். உங்கள் 5 லட்சம் அவருக்கு எதற்கு?

1920-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் சார்லஸ் பான்ஸி 45 நாளில் 50 சதவீதம் என்றார். தபால் பதில் கூப்பன்களை (வெளிநாட்டிலிருந்து பதில் எழுதுபவர் தபால்தலையாக மாற்றிக்கொள்ளும் சீட்டு) ஒரு நாட்டில் மலிவாக வாங்கி இன்னொரு நாட்டில் மாற்றி வரும் லாபம் என்று சொன்னார். அவர் திரட்டிய பணத்துக்கு 16 கோடி கூப்பன் இருந்திருக்க வேண்டும். புழக்கத்தில் இருந்தவை சுமார் 27,000. ஆனாலும் முதலில் வந்தவர்களுக்குப் பணம் கிடைத்தது, பின்னால் வந்தவர்கள் போட்டதிலிருந்து. அவர்கள்தான் ஊரெல்லாம் சொன்னார்கள், உங்கள் நண்பர் உங்களிடம் சொன்னது போலவே. அந்த ஆகஸ்டிலேயே எல்லாம் முடிந்தது.

வட்டி அதிகமாக இருந்தால்தான் மோசடி என்றும் இல்லை. 2008 டிசம்பரில் கைதான அமெரிக்க முதலீட்டு நிறுவனக்காரர் பெர்னார்ட் மேடாஃப் காட்டிய லாபம் வருடத்துக்குப் பத்து சதவீத அளவுதான். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் அது மட்டும் அசையாமல் நின்றது. வாடிக்கையாளர் ஏடுகளில் இருப்பதாகக் காட்டி, கடைசியில் இல்லை என்று ஆன தொகை ஏறத்தாழ 6,500 கோடி டாலர். நிஜமான முதலீடு ஏறும், இறங்கும்.

நண்பரை இந்த வாரமே அசலை முழுக்கத் திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள். சாக்குப்போக்கு வந்தால் உடனே போலீஸில் புகார் கொடுக்கட்டும். கொடுத்துவிட்டால் வாங்கிக்கொண்டு வெளியே வரட்டும். கொடுத்துவிட்டார்களே என்று மறுபடி போட வேண்டாம்.

கேள்வி: அவசரத்துக்கு ஒரு ஆப்பில் 10,000 கடன் எடுத்தேன். கைக்கு வந்தது 7,000. ஏழு நாளில் 10,000 கட்டச் சொல்கிறார்கள். இது சரியா?

7,000-க்கு ஒரு வாரத்தில் 3,000 என்றால் வாரத்துக்கே 43 சதவீதம். பிரிட்டனில் 2015 முதல் இதுபோன்ற குறுங்காலக் கடனுக்கு நாளுக்கு 0.8 சதவீதம்தான் உச்சவரம்பு. என்ன ஆனாலும் வட்டியும் கட்டணமும் வாங்கிய தொகையைத் தாண்டக் கூடாது. அந்தக் கணக்கில் உங்கள் 7,000-க்கு ஏழு நாளுக்கு 400-கூட ஆகாது. இதை அடைக்க இன்னொரு ஆப்பில் எடுக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடமாவது இன்றைக்கே சொல்லிவிடுங்கள். போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்க அந்த ஆப்புக்குக் கொடுத்த அனுமதியை நீக்குங்கள். மிரட்டல் வந்தால் செய்திகளை அழிக்காமல் அப்படியே புகாரோடு கொடுங்கள். வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை.

கேள்வி: வருடம் 1 லட்சம் வீதம் 10 வருடம் கட்டினால் 20-வது வருட முடிவில் 20 லட்சம், பணம் இரட்டிப்பு என்று ஒரு காப்பீட்டுத் திட்டம். நல்லதா?

பணம் இரட்டிப்பாக எத்தனை வருடம் ஆகிறதோ, அதால் 72-ஐ வகுங்கள்; வருட வட்டி சதவீதம் ஏறத்தாழக் கிடைக்கும். முதல் தவணை 20 வருடம், கடைசித் தவணை 11 வருடம் என்று உங்கள் பணம் சராசரியாகப் பதினைந்தரை வருடம் அவர்களிடம் இருக்கிறது. 72-ஐ 15.5-ஆல் வகுத்தால் நாலரை சதவீதச் சொச்சம். "இரட்டிப்பு" என்ற சொல்லுக்குள் இருப்பது அவ்வளவுதான். இரண்டு வருடம் கட்டிவிட்டு நிறுத்தினால் என்ன கிடைக்கும் என்ற சரண்டர் அட்டவணையையும் எழுத்தில் கேளுங்கள். குடும்பப் பாதுகாப்புக்கு டெர்ம் பாலிசி (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தரும் காப்பீடு), சேமிப்புக்கு வேறு வழி என்று பிரித்து வைப்பதே நல்லது.

கேள்வி: வெளிநாட்டில் கார்டு தேய்க்கும்போது உங்கள் நாட்டுப் பணத்திலா, எங்கள் பணத்திலா என்று மெஷின் கேட்கிறது.

எப்போதும் அந்த நாட்டுப் பணம். உங்கள் நாட்டுப் பணத்தைத் தொட்டால் மாற்று விகிதத்தில் கூடுதலாக ஒரு தொகையை எடுத்துக்கொள்வார்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் மகனின் கணக்குக்கு ஒரு நிறுவனம் பணம் அனுப்புமாம், 5 சதவீதம் எடுத்துக்கொண்டு மீதியை வேறு கணக்குக்கு மாற்றிவிட வேண்டுமாம். பகுதிநேர வேலை என்கிறான்.

இன்றே நிறுத்துங்கள். பெரும்பாலும் அது யாரிடமோ திருடிய பணம். கணக்கு உங்கள் மகன் பெயரில் இருப்பதால் போலீஸ் முதலில் அவனைத்தான் தேடி வரும். ஏற்கெனவே பணம் வந்திருந்தால் அதைத் தொடாமல் நேரே வங்கிக்குப் போய் எழுத்தில் தெரிவியுங்கள்.

கேள்வி: ஆன்லைன் முதலீட்டில் இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், 10 சதவீதம் முன்பணம் கட்டுங்கள் என்று ஒருவர் பேசுகிறார். நான் இழந்த தொகைகூட அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்கிறது.

எப்படித் தெரிந்தது என்று யோசியுங்கள். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறும். முதலில் ஏமாற்றியவர்களே வேறு பெயரில் பேசுவதும் உண்டு. காவல்துறையோ வங்கியோ இழந்த பணத்தை மீட்க முன்பணம் கேட்பதில்லை. எண்ணை பிளாக் செய்யுங்கள், ஏற்கெனவே கொடுத்த புகாரில் இந்த அழைப்பையும் சேருங்கள்.

மூன்று பேர் கடன் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். அதில் உங்கள் பெயரும் தொகையும்தான் இருக்கின்றன. கட்டணப் பட்டியல் உள்ள பக்கத்தையும், முன்கூட்டி அடைப்பது பற்றிய பக்கத்தையும் அனுப்புங்கள். அடுத்த முறை பதில் எழுதுகிறேன். அதுவரை கையெழுத்துப் போட வேண்டாம்.