எதிர்வீட்டில் நடந்தால் எங்கள் படிக்கட்டில் விளக்கு எரிகிறதே?

கேள்வி: மாடிப்படிக்கு 450 ரூபாயில் சென்சார் பல்ப் வாங்கி மாட்டினோம். படியில் ஆளே இல்லாதபோதும் எரிகிறது. எதிர்வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நடந்தாலே போதும். கடைக்காரரோ, "இது ரேடார் பல்ப், பழுதில்லை" என்று மாற்றித்தர மறுக்கிறார். கைக்குழந்தை உள்ள வீடு, பயமாகவும் இருக்கிறது. (திருச்சி வாசகர்)

பதில்: பல்பில் பழுதில்லை என்று அவர் சொன்னது உண்மைதான். ஆனால் உங்கள் இடத்துக்கு அது தோதான பல்ப் இல்லை. வாங்கும்போதே எந்த இடத்துக்கு என்று அவர் கேட்டிருக்க வேண்டும்.

சென்சார் பல்ப் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சாமான்கள் விற்கின்றன. ஒன்று உடல் சூட்டைப் பார்ப்பது, பி.ஐ.ஆர். என்பார்கள். அது எதையும் அனுப்பாது. எதிரே ஒரு சூடான உடம்பு குறுக்கே போகிறதா என்று கவனித்துக்கொண்டிருக்கும். நடுவில் கண்ணாடிக் கதவு இருந்தாலே அதற்கு ஒன்றும் தெரியாது. இன்னொன்று உங்கள் வீட்டில் இருப்பது. அது பெரும்பாலும் 5.8 கிகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 580 கோடி முறை அதிரும் ரேடியோ அலையை அனுப்பி, திரும்பி வருவதைக் கவனிக்கிறது. சுவரில் பட்டு வரும் அலை போனபடியே வரும். நடக்கிற ஆள்மேல் பட்டால் அதன் அதிர்வெண் துளி மாறும். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஒருவர் பல்பை நோக்கி வந்தால் அந்த மாற்றம் சுமார் 39 ஹெர்ட்ஸ். 580 கோடியில் வெறும் 39! அதைப் பிடித்துவிடுகிறது இந்தச் சின்ன பல்ப்.

மரக்கதவு அந்த அலைக்குத் திரைச்சீலை மாதிரி. நாலரை இஞ்சுச் செங்கல் சுவரைக்கூட ஓரளவு தாண்டும். கம்பி கட்டிய கான்கிரீட்டில் நன்றாகத் தேய்ந்துவிடும், இரும்புக் கதவில் பட்டால் திரும்பிவிடும். எங்கள் வராந்தாவில் இதே வகை விளக்கு இரவெல்லாம் அணையாமல் எரிந்தது. இரண்டு நாள் வயரிங்கைக் குடைந்த பிறகுதான் பிடிபட்டது: பக்கத்தில் சுற்றிய சீலிங் ஃபேனை அது ஆள் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது.

அடுத்தமுறை பெட்டியில் இருக்கும் எழுத்தை விட்டுவிட்டு விளக்கின் முகத்தைப் பாருங்கள். பாதி முட்டை ஓட்டைக் கவிழ்த்த மாதிரி ஒரு வெள்ளை மூடி, அதில் தேன்கூடு போலக் கட்டம் கட்டமாகக் கோடுகள் இருந்தால் பி.ஐ.ஆர். அப்படி எதுவும் இல்லாமல் சாதாரண எல்.இ.டி. பல்ப் மாதிரி மொழுமொழுவென்று இருந்தால் ரேடார். உங்கள் படிக்கட்டுக்கு முதல் வகைதான் சரி. ஒன்று மட்டும்: உச்சி வெயில் நாட்களில் காற்றே உடம்புச் சூட்டை நெருங்கும்போது பி.ஐ.ஆர். கொஞ்சம் தடுமாறும்.

மாற்றித்தர வற்புறுத்த முடியுமா? 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதான பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள், திருப்பி எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம். ஆனால் உங்கள் பல்ப் பழுதில்லையே. "சுவர் தாண்டாது" என்று சொல்லி விற்றிருந்தால் வாதாடலாம். இல்லையென்றால் கார் நிறுத்துமிடத்துக்கு மாற்றிவிடுங்கள். அங்கே இதைவிட நல்ல விளக்கு கிடையாது.

குழந்தையைப் பற்றிப் பயப்பட வேண்டாம். இத்தகைய பல்புகள் பலவற்றின் பெட்டியில், அனுப்பும் அலையின் சக்தி 0.2 மில்லிவாட்டுக்கும் குறைவு என்று போட்டிருக்கும். நம் கையில் உள்ள 4ஜி போன் சிக்னல் மோசமான இடத்தில் 200 மில்லிவாட் வரை அனுப்பும்.

கேள்வி: குளியலறையில் பி.ஐ.ஆர். விளக்கு. அம்மா உள்ளே இருக்கும்போதே அணைந்துவிடுகிறது. விழுந்துவிடுவாரோ என்று கவலை.

பதில்: முதலில் விளக்கின் பின்புறமோ பக்கவாட்டிலோ டைம் என்று ஒரு சின்னத் திருகு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பத்து நிமிடத்துக்குத் திருப்பிவையுங்கள், செலவில்லாமல் முடிந்தது. போதாவிட்டால் மில்லிமீட்டர் அலை சென்சார் வாங்கலாம். அதுவும் ரேடார் வகைதான், 24 அல்லது 60 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்யும். 60 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 5 மில்லிமீட்டர்தான் என்பதால், அசையாமல் உட்கார்ந்திருப்பவர் மூச்சு விடும்போது நெஞ்சு ஏறி இறங்குவதே அதற்குத் தெரியும். விலை கூடுதல்தான். ஆனாலும் வயதானவர் இருக்கும் வீட்டில் நான் தயங்காமல் வாங்கச் சொல்வேன். மாட்டும்வரை சாதாரண ஸ்விட்ச் விளக்கே போதும்.

கேள்வி: வீட்டுக்குள் செல்போன் சிக்னல் இல்லை. ஆன்லைனில் 'சிக்னல் பூஸ்டர்' வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இந்தியாவில் தனியார் யாரும் அனுமதியில்லாமல் அதை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். பக்கத்து டவரின் அலைவரிசையில் அது இரைச்சலைக் கொட்டும், தெருவில் உள்ள எல்லாருடைய பேச்சும் கெடும். வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் போனின் செட்டிங்ஸில் வைஃபை காலிங் என்று இருப்பதைப் போட்டுவிடுங்கள். அதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். ஏற்கெனவே பணம் கட்டி, திரும்பக் கிடைக்காமல் மாட்டிக்கொண்டிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். கூப்பிடும்போது ஆர்டர் எண்ணும் பில்லும் கையில் இருக்கட்டும்.