எந்த செடான் வாங்கலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான், மனைவி, பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா என ஐந்து பேர். கையில் இருக்கும் பணத்துக்குப் புதிய சிறிய செடான் ஒன்று கிடைக்கும், அல்லது நான்கு வருடம் ஓடிய நடுத்தர செடான் கிடைக்கும். எதை வாங்குவது?

பதில்: ஐந்து பேரும் அடிக்கடி சேர்ந்து போவீர்கள் என்றால் நான்கு வருட நடுத்தர செடானை வாங்குங்கள். ஆனால் முதல் சர்வீஸிலிருந்து எல்லா ரசீதுகளும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். காரின் விலை வேகமாக இறங்குவது முதல் மூன்று நான்கு ஆண்டுகளில்தான். அந்த நஷ்டம் முதல் உரிமையாளரோடு போய்விடுகிறது. மிச்சமாகும் பணத்துக்கு அகலமான பின் இருக்கையும் கூடுதல் ஏர்பேக்குகளும் கிடைக்கும். குறைவாக ஓட்டி ஒரே காரைப் பன்னிரண்டு வருடம் வைத்திருக்க நினைப்பவர்களுக்குப் புதிய கார் நியாயமானது. அவர்களுக்கு விலை இறங்குவது பெரிய கணக்கில்லை.

பழைய கார் வாங்கும்போது கையில் உள்ள முழுப் பணத்தையும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். பத்தில் ஒரு பங்கையாவது ஒதுக்கி வையுங்கள். நான்கு டயர், பேட்டரி, பிரேக் பேடு, எல்லா ஆயில்களும் முதல் வருடத்திலேயே கேட்கக்கூடும். அந்தப் பணம் இல்லாமல் போய், தேய்ந்த டயரோடு குடும்பத்தை ஏற்றி ஓட்டும் நிலை வரக்கூடாது.

மைலேஜையும் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடத்துக்கு 15,000 கி.மீ. ஓட்டினால், லிட்டருக்கு 15 கி.மீ. தரும் கார் 1,000 லிட்டர் குடிக்கும். 18 கி.மீ. தரும் கார் சுமார் 833 லிட்டர் குடிக்கும். வித்தியாசம் 167 லிட்டர். இரண்டு கார்களின் விலை வித்தியாசத்தை அந்த 167 லிட்டரின் விலையால் வகுத்து, எத்தனை வருடத்தில் ஈடாகும் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பழுதே வராத பிராண்டு எது? ஒரே பெயர் சொல்லுங்கள்.

பதில்: பிராண்டை மட்டும் சொன்னால் உங்களைத் தவறான காரிடம் அனுப்பியது போல ஆகிவிடும். 1966இல் தொடங்கிய டொயோட்டா கொரோலாவுக்கும் 1972இல் வந்த ஹோண்டா சிவிக்குக்கும் நல்ல பெயர் உண்டு. அந்தப் பெயர் நியாயமாகச் சம்பாதித்ததுதான். ஆனால் ஒரே பெயரில், ஒரே வருடத்தில், மூன்று எஞ்சினும் மூன்று கியர்பாக்ஸும் விற்கப்பட்டிருக்கும். ஒரு ஜோடி மூன்று லட்சம் கி.மீ. ஓடும், இன்னொரு ஜோடி பாதி தூரத்திலேயே கியர்பாக்ஸைக் கேட்கும். ஆகவே தேட வேண்டியது எஞ்சின், கியர்பாக்ஸ், தயாரிப்பு வருடம் மூன்றும் சேர்ந்த கூட்டு.

குறைந்த தலைவலிக்கு எங்கள் தேர்வு இது: டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத, 1.5 முதல் 2 லிட்டர் வரையிலான நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். பெட்ரோலை, காற்று உள்ளே போகும் இன்டேக் குழாயில் தெளிக்கும் வகையாக இருந்தால் இன்னும் நல்லது. நேரடியாக சிலிண்டருக்குள் தெளிக்கும் எஞ்சின்களில் இன்டேக் வால்வுகள் மீது பெட்ரோல் படுவதே இல்லை, கழுவப்படாத வால்வில் கரி படிகிறது. 80,000 முதல் 1,00,000 கி.மீ. ஆகும்போது, கார் நின்று எஞ்சின் மட்டும் ஓடும் ஐடிலிங்கில் நடுக்கமும் இழுவைக் குறைவும் தெரியத் தொடங்கலாம். இதற்காகவே சில நிறுவனங்கள் இரண்டு விதமாகவும் தெளிக்கும் எஞ்சின்களைச் செய்கின்றன. டொயோட்டாவின் டி-4எஸ் அப்படிப்பட்டது.

சிறிய டர்போ எஞ்சின் கெட்டது என்று சொல்ல வரவில்லை. அது ஆயில் விஷயத்தில் அலட்சியத்தைப் பொறுக்காது. குறைந்த வேகத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாக வெடித்து பிஸ்டனை உடைக்கும் கோளாறு இவற்றில் வரலாம். 2020இல் வந்த ஏபிஐ எஸ்பி (ஏபிஐ என்பது ஆயில் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பு) தர ஆயில் அதைத் தடுப்பதையும் கணக்கில் எடுத்து வகுக்கப்பட்டது. முந்தைய உரிமையாளர் எந்த ஆயில் ஊற்றினார், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினார் என்று ரசீதில் பாருங்கள். தெரியவில்லை என்றால் டர்போ வேண்டாம்.

இன்னொன்று, புது வடிவம் வெளிவந்த முதல் வருடக் காரைத் தவிருங்கள். தொடக்கக் கோளாறுகள் திருத்தப்பட்டு, முகப்பு மாற்றத்துக்குப் பிறகு வந்த கார் அதே மாடலில் பாதுகாப்பான தேர்வு.

கேள்வி: மனைவியும் நானும் மாறி மாறி நெரிசலில் ஓட்டுவோம், ஆட்டோமேட்டிக் வேண்டும். ஏஎம்டி, சிவிடி, இரட்டை கிளட்ச், பழைய வகை ஆட்டோமேட்டிக். எது நீடிக்கும்?

பதில்: நெரிசலுக்கு டார்க் கன்வெர்ட்டர் உள்ள பழைய வகைதான் முதல் இடம். எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே ஆயில் வழியாக விசை போவதால், ஊர்ந்து போகும்போது கிளட்ச் தேய்வது இல்லை. கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் குடிக்கலாம், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரட்டை கிளட்சில் உலர் வகை, ஆயிலில் நனைந்த வகை என்று இரண்டு. உலர் வகை நெரிசலில் சூடேறும். பிரேக்கை லேசாக விட்டு விட்டு ஊர்வது என்றால் அரை கிளட்சில் நிற்பதற்குச் சமம், தகடு தேயும், நகரும்போது உதறும். நெரிசலே வாழ்க்கை என்றால் உலர் வகையைத் தவிர்க்கச் சொல்வோம்.

சிவிடியில் பெல்ட்டும் இரண்டு கப்பிகளும்தான் கியர். சுகமாக ஓடும். ஆனால் அதன் உயிர் அதன் ஆயில். சுமார் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை, அந்தக் காருக்கென்று சொன்ன சிவிடி ஆயிலையே மாற்ற வேண்டும். சாதாரண கியர் ஆயில் ஊற்றினால் பெல்ட் வழுக்கும், கப்பியில் கீறல் விழும், பிறகு முழு பாக்ஸையே மாற்ற வேண்டிவரும். ஓட்டிப் பார்க்கும்போது 20 முதல் 40 கி.மீ. வேகத்துக்குள் ஆக்சிலேட்டரை மெதுவாகக் கொடுங்கள். அதிர்வு வந்தால், அல்லது ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) ஏறியும் வேகம் ஏறாவிட்டால் அந்தக் கார் வேண்டாம். பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்த டொயோட்டா ஹைபிரிட்களில் சிவிடி என்று எழுதியிருந்தாலும் உள்ளே பெல்ட் கிடையாது. பல் சக்கரங்களும் மோட்டார்களும்தான். அந்த பயம் அங்கே தேவையில்லை.

ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸை இயந்திரம் மாற்றித் தருவது. விலை குறைவு. கியர் மாறும்போது தலை முன்னே ஆடும். பின் இருக்கையில் வயதானவர் இருந்தால் ஒருமுறை அவரையே உட்கார வைத்து ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: தினமும் 8 கி.மீ. மட்டுமே ஓட்டுகிறேன். டீசல் மைலேஜ் அதிகம் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி புதிய டீசல் கார்களில் உண்டு. அதில் சேர்ந்த கரி எரிந்துபோக 550 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடு வேண்டும். 8 கி.மீ. ஓட்டத்தில் எஞ்சினே சரியாகச் சூடாகாது. வடிகட்டி அடைக்கும், எச்சரிக்கை விளக்கு எரியும். கரியை எரிக்கும் முயற்சி பாதியில் நின்றால், டீசல் போய் எஞ்சின் ஆயிலில் கலக்கலாம். உங்களுக்குப் பெட்ரோல் அல்லது ஹைபிரிட்.

பழைய ஹைபிரிட் என்றால் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத் துவாரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் பின் இருக்கை ஓரத்தில் இருக்கும். நாய் முடியும் தூசியும் அடைத்திருந்தால் பேட்டரி பல கோடைகளைச் சூட்டிலேயே கழித்திருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: பின்னால் அம்மாவும் இரண்டு குழந்தை இருக்கைகளும் வைக்க முடியுமா? டிக்கி எத்தனை லிட்டர் இருக்க வேண்டும்?

பதில்: லிட்டர் எண்ணை நம்பி முடிவு செய்யாதீர்கள். 500 லிட்டர் டிக்கியிலும் வாய் குறுகலாக இருந்தால் பெரிய பெட்டி உள்ளே போகாது. வளைந்த கீல்கள் மூடும்போது பெட்டி மேல் இடிக்கும். உங்கள் பெட்டியையும் குழந்தை இருக்கைகளையும் எடுத்துக்கொண்டு போய் வைத்துப் பாருங்கள். குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பொதுவாக இரண்டு ஓரங்களில்தான் இருக்கும். அப்போது அம்மா நடுவில் உட்கார வேண்டும். தரையின் நடுவில் மேடு இருந்தால் கால் வைக்க இடமில்லை, நடு இருக்கைக்குத் தலைசாய்வு இல்லாத கார்களும் உண்டு. மூட்டு வலி உள்ளவருக்கு செடானின் தாழ்ந்த இருக்கை சிரமம், ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: பழைய காரை நேரில் பார்க்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். குளிர்ச்சியில் மட்டும் வரும் சத்தத்தை மறைக்க அது எளிய வழி.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் மூடியைத் திறங்கள். அடியில் பால் போன்ற நுரை நிறைய இருந்தால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கலந்திருக்கலாம். கூலன்ட் தொட்டியில் எண்ணெய் மிதக்கக் கூடாது. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கும் எஞ்சின் விளக்கும் எரிய வேண்டும், ஏர்பேக் விளக்கு சில நொடிகளிலும் எஞ்சின் விளக்கு ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ விளக்கைத் துண்டித்திருக்கலாம். ஸ்டார்ட் ஆனதும் சைலன்சரைப் பாருங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் நிற்காத, இனிப்பு வாடை உள்ள வெள்ளைப் புகை என்றால் கூலன்ட் எரிகிறது. இரண்டிலும் பேரம் பேசாமல் திரும்பி வாருங்கள்.

காரின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஓபிடி கருவி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். பிழைக் குறியீடு ஏதும் இல்லை என்பதோடு நிறுத்தாதீர்கள். சுய சோதனைகள் முடிந்தனவா என்ற பக்கத்தையும் திறங்கள். பல சோதனைகள் முடியாமல் இருந்தால் குறியீடுகள் சமீபத்தில் அழிக்கப்பட்டிருக்கலாம், அல்லது பேட்டரி கழற்றப்பட்டிருக்கலாம். இந்த ஒரு பக்கம் பல பேரைக் காப்பாற்றும்.

வெள்ளத்தில் நின்ற காரா என்று அறிய சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். வெள்ளத்தில் நின்றிருந்தால் அடியில் சேற்றுக் கோடு இருக்கலாம். இருக்கை தண்டவாளத்திலும் ஸ்டெப்னிக் குழியிலும் துரு தேடுங்கள். பெயிண்ட் கனம் அளக்கும் கருவி கிடைத்தால், கம்பெனி பெயிண்ட் பெரும்பாலும் 100 முதல் 180 மைக்ரான் காட்டும். ஒரு கதவு மட்டும் 300க்கு மேல் காட்டினால் அங்கே டிங்கரிங்கும் பட்டியும் நடந்திருக்கிறது. கதவு போகட்டும், கூரையும் தூண்களும் அப்படிக் காட்டினால் வாங்காதீர்கள்.

டயர் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஓட்டும்போது, முழுதாக ஸ்டியரிங் திருப்பி மெதுவாக நகர்த்துங்கள், டக் டக் சத்தம் என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். வேகத்தோடு ஏறும் உறுமல், வளைவில் மாறினால் வீல் பேரிங். இவை சரிசெய்யக்கூடியவை, விலையில் குறைத்துக் கேளுங்கள்.

டைமிங் பெல்ட் (வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் பெல்ட்) உள்ள எஞ்சின் என்றால் மாற்றிய ரசீதைக் கட்டாயம் பாருங்கள். பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை முட்டி வளைத்துவிடும். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு, தண்ணீர் பம்போடு சேர்த்து மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். கடைசியாக, எழுத்தும் எண்ணுமாக 17 இடம் கொண்ட சேசிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் திரும்பப்பெறும் பட்டியலில் தேடுங்கள். டகாட்டா என்ற நிறுவனம் செய்த ஏர்பேக்குகளின் விவகாரத்தில் பல நிறுவனங்களின் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. மாற்றப்படாத ஏர்பேக் வெடிக்கும்போது உலோகத் துண்டு பறக்கலாம். மாற்றித் தருவது இலவசம்.

கேள்வி: சன்ரூஃப், 18 அங்குல அலாய் உள்ள உயர் ரகமா, அவை இல்லாத கீழ் ரகமா?

பதில்: வழுக்கலில் காரை நேராக வைக்கும் ஈஎஸ்சியும் பக்கத் திரை ஏர்பேக்குகளும் எந்த ரகத்தில் தொடங்குகின்றனவோ அந்த ரகம். அதற்கு மேலே எதற்கும் பணம் கொடுக்க வேண்டாம். 205/55 ஆர்16 போன்ற பரவலான அளவு டயர் எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு. 18 அங்குலத்தில் டயரின் பக்கச்சுவர் மெல்லியது, ஒரு பள்ளத்திலேயே ரிம் வளையலாம்.

கேள்வி: கியர் ஆயில் ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று கையேட்டில் இருக்கிறது. நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். கியர்பாக்ஸ் செய்யும் இசட்எஃப் நிறுவனமே தன் ஆட்டோமேட்டிக் பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. வாங்கியதும் வடிகட்டியோடு ஒருமுறை மாற்றுங்கள். நீண்ட நாள் மாற்றாத பாக்ஸில் எல்லாவற்றையும் அழுத்தத்தோடு கழுவ விடாதீர்கள். திறந்து வடிந்த அளவுக்கு மட்டும் புதியது ஊற்றி, சில ஆயிரம் கி.மீ. கழித்து இன்னொரு முறை அதையே செய்யுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், அதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.