தாருக்கு 20 அங்குல அலாயும் மட் டெரெய்ன் டயரும் போடலாமா?

கேட்டவர் மஹிந்திராவின் மூன்று கதவு தார், ஃபோர் வீல் டிரைவ் வண்டி, வைத்திருக்கிறார். 18 அங்குல அலாய், 255/65 ஆர்18 டயர். வாரம் முழுக்க கோயம்புத்தூரில் ஆபீஸ் போய் வர, லீவு நாளில் வால்பாறைப் பக்கம் எஸ்டேட் ரோடு, ஆற்றுப் படுகை, எப்போதாவது தெற்கே தேரி மணல் என்று சுற்ற அந்த வண்டி. கடைக்காரர் 20 அங்குல அலாயும் எம்.டி. எனப்படும் மட் டெரெய்ன் டயரும் (சேற்றுக்கென்று செய்தது) போடச் சொல்கிறாராம், ஆஃப்ரோடுக்கு அதுதான் சரி என்று. போடலாமா என்பது கேள்வி.

போடாதீர்கள். கடைக்காரர் சொல்வதற்கு நேர் எதிராகச் செய்யுங்கள்: ரிம்மைச் சின்னதாக்குங்கள், டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய இப்போது உள்ளபடியே இருக்கட்டும், எம்.டி.க்குப் பதில் ஏ.டி. எனப்படும், எல்லாத் தரைக்குமான ஆல் டெரெய்ன் போடுங்கள், மிச்சமாகும் பணத்தில் நல்ல கம்ப்ரசர் ஒன்றும் காற்று பார்க்கும் கேஜ் ஒன்றும் வாங்குங்கள். என்னுடையதும் அதே மூன்று கதவு தார்தான், 16 அங்குல இரும்பு வீலில் ஓடுகிறது. நீங்கள் சொல்கிற மாதிரி ரோடுகளில்தான் நானும் ஓட்டுகிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த எண்கள். 255 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது, அதாவது ரிம்மின் விளிம்பிலிருந்து தரை வரை உள்ள ரப்பர். 255-இல் 65 சதவீதம் சுமார் 166 மி.மீ. இப்போது உங்களிடம் இருப்பது இது. மொத்த உயரத்தை மாற்றாமல் 20 அங்குல ரிம் போட்டால் பக்கச்சுவர் 140 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும். இதே தாரின் கீழ் வகைக்கு கம்பெனியே 16 அங்குல இரும்பு வீலில் 245/75 ஆர்16 கொடுத்தது, அதில் பக்கச்சுவர் 184 மி.மீ. இவ்வளவுக்கும் மொத்த உயரத்தில் உங்கள் டயருக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் 15 மி.மீ. தான், இரண்டு சதவீதம்கூட இல்லை. ஸ்பீடோமீட்டரும் கியரும் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது.

அந்த 140-க்கும் 184-க்கும் இடையில்தான் ஆஃப்ரோடு முழுவதும் இருக்கிறது. கல்லில் ஏறும்போது டயர் அந்தக் கல்லைச் சுற்றி வளைந்து உட்கார வேண்டும், அப்போதுதான் பிடிப்பு. பக்கச்சுவர் குட்டையாக இருந்தால் வளைய இடமில்லை, கல் நேராக ரிம்மில் போய் இடிக்கும். குழியில் வேகமாக இறங்கும்போதும் இதேதான், ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் ரப்பர் நசுங்கி, இரண்டு இடத்தில் கிழிந்து, பக்கச்சுவர் போய்விடும். பக்கச்சுவரில் வரும் கிழிசலை எந்தப் பஞ்சர் கடையிலும் நம்பி ஒட்ட முடியாது, டயரையே மாற்ற வேண்டியதுதான். எஸ்டேட் ரோட்டின் நடுவில், போன் சிக்னல் இல்லாத இடத்தில் அது நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

பெரிய ரிம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்டது ஆஃப்ரோடுக்கு.

இப்போது காற்று. டயர் எது என்பதைவிட அதில் எவ்வளவு காற்று என்பது பெரிய விஷயம் என்று அடித்துச் சொல்வேன், யாரிடம் பேசினாலும் இதைத்தான் சொல்கிறேன், ஏனென்றால் லட்ச ரூபாய்க்கு டயர் வாங்குகிறவர்களே காற்று இறக்காமல் மணலில் போய் புதைந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ரோட்டில் 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் வைத்து ஓட்டுகிற டயரை 18-க்கு இறக்கினால் தரையில் பதியும் தடம் நீளமாகிறது. அகலம் கொஞ்சம்தான் கூடும், நீளம்தான் நிறையக் கூடும், அதுதான் வண்டியை மணலின் மேல் மிதக்க வைக்கிறது. திருச்செந்தூர் பக்கம் குதிரைமொழித் தேரியின் சிவப்பு மணலில் போனால் இது உடனே புரியும். 32 பி.எஸ்.ஐ.யில் எம்.டி. போட்ட வண்டி அங்கே குழி தோண்டிக்கொண்டே கீழே போகும், டயரின் மேல் துருத்தி நிற்கும் அந்தப் பெரிய ரப்பர் பட்டன்கள் மண்வெட்டி மாதிரி வேலை செய்யும். காற்று இறக்கிய சாதாரண ரோட்டு டயர் அதே இடத்தில் மெதுவாக நகர்ந்து வெளியே வந்துவிடும். மணலுக்குப் பட்டன் முக்கியமே இல்லை.

கணக்கு சுமாராக இப்படி: மண் ரோடு, சரளை என்றால் 25 பக்கம், கல் ஏற்றம் என்றால் 20 பக்கம், மணல் என்றால் 15 முதல் 18. பீட்லாக் இல்லாத சாதாரண ரிம்மில் 15-க்குக் கீழே போகாதீர்கள், திருப்பும்போது டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். (பீட்லாக் என்பது டயரின் விளிம்பை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் அமைப்பு; போட்டியில் ஓட்டுபவர்களுக்கானது, ஆபீஸ் போகும் வண்டிக்கு வேண்டாம்.) காற்று இறக்கிய பிறகு வேகம் கூடாது, ஸ்டீயரிங்கைச் சட்டென்று ஒடிக்கக் கூடாது. தார்ச் சாலைக்குத் திரும்பியதும் முதல் வேலை காற்று ஏற்றுவது, குறைந்த காற்றில் வேகமாகப் போனால் பக்கச்சுவர் சூடாகி உள்ளுக்குள்ளேயே சிதைந்துவிடும். அதற்குத்தான் கம்ப்ரசர். சிகரெட் லைட்டரில் சொருகும் சின்னது நான்கு டயருக்கும் ஏற்றுவதற்குள் சூடாகி நின்றுவிடுகிறது, பேட்டரியில் நேராகக் கிளிப் மாட்டும் வகையை வாங்குங்கள்.

சரி, ஏ.டி.யா எம்.டி.யா. எம்.டி. கெட்ட டயர் இல்லை, அதற்கென்று ஒரு தரை இருக்கிறது. மழை பெய்து முடிந்த கரிசல் மண்ணில், கோவில்பட்டி, விருதுநகர் பக்கம், ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். ஏ.டி. டயர் நாலு சுற்று சுற்றுவதற்குள் பட்டன் இடைவெளி எல்லாம் களிமண் அடைத்து வழவழவென்று ஆகிவிடும், பிரேக் பிடித்தாலும் வண்டி தன் போக்கில் போகும். எம்.டி.யில் இடைவெளி பெரிது, சக்கரம் சுற்றும்போதே அந்தச் சேற்றை வெளியே எறிந்துவிடும். தோட்டம் அங்கே இருக்கிறது, ஐப்பசி கார்த்திகையிலும் உள்ளே போயாக வேண்டும் என்றால் தயங்காமல் எம்.டி. போடுங்கள்.

ஆனால் உங்கள் வண்டி அதிக நேரம் ஓடப்போவது நகரத்திலும் மலைச் சாலையிலும். வால்பாறை ஏற 40 கொண்டை ஊசி வளைவுகள், வருடத்தில் பாதி நாள் ஈரம். ஈரமான சாலையில் பிடிப்பு தருவது பட்டனில் உள்ள மெல்லிய கீறல்கள்; அவை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ரப்பரைத் தரையில் ஒட்ட வைக்கின்றன. எம்.டி.யில் அந்தக் கீறல்கள் குறைவு, தரையைத் தொடும் ரப்பரும் குறைவு, ஆகவே மழையில் பிரேக் தூரம் கூடும். வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு மழையில் மலை இறங்குகிறவருக்கு நான் அந்த டயரைச் சொல்ல மாட்டேன். அது போக, வேகம் ஏற ஏற இரைச்சல், மைலேஜ் குறைவு, சீக்கிரம் தேய்மானம்.

அகலம் பற்றியும் ஒரு வார்த்தை. அகலமாக இருந்தால் பிடிப்பு அதிகம் என்று ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் வாடகை ஜீப்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கல் ரோட்டில் தினமும் விடியற்காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறவை ஒல்லியான டயர் போட்ட பழைய மஹிந்திரா ஜீப்கள். ஒல்லி டயர் மேலே உள்ள சேற்றை வெட்டி அடியில் இருக்கும் கெட்டித் தரையைப் பிடிக்கும், இரண்டு கல்லுக்கு நடுவே நுழைந்து போகும், ஸ்டீயரிங்கும் கைக்கு லேசாக இருக்கும். (அந்த ஓட்டுநர்களின் கை வேறு, அது எந்தக் கடையிலும் கிடைக்காது.) 255-லிருந்து 245-க்கு இறங்குவதால் எதையும் இழக்கப்போவதில்லை.

இனி வீல். இரும்பு வீல் கனம், பார்க்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் கல்லில் பலமாக அடித்தால் வளையும், உடையாது. வளைந்த விளிம்பைச் சுத்தியலால் தட்டி, காற்று நிற்கிற அளவுக்குக் கொண்டுவந்து வீடு வந்து சேரலாம். வார்ப்பு அலாய் அதே அடியில் விரிசல் விடும், விரிசல் விட்டால் அவ்வளவுதான். அலாய்தான் வேண்டும் என்றால் 16 அல்லது 17-இல் நல்லதாக வாங்குங்கள், பெயர் தெரியாத மலிவு அலாயை மட்டும் மலைக்கு ஏற்றாதீர்கள். வீலின் பின்புறம் அது தாங்கும் எடை வார்த்தே போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாங்க வேண்டாம்.

வீலில் பெரும்பாலோர் கவனிக்காமல் விடுவது ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில், அதாவது வண்டியில் வீலை மாட்டும் நடுப்பகுதியில், பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் அது. இந்த எண் குறையக் குறைய வீல் வெளியே பிதுங்கும். பிதுங்கி நின்றால் பார்க்கக் கம்பீரமாக இருக்கிறது, ஆனால் வண்டியின் பாரம் வீல் பேரிங்கின் மேல் சாய்வாக விழுகிறது, பால் ஜாயின்ட் சீக்கிரம் போகிறது, குழியில் விழும்போது ஸ்டீயரிங் கையைப் பிடுங்குகிறது, சேறெல்லாம் கதவில். ஒரிஜினல் வீலின் ஆஃப்செட்டை அதன் பின்புறம் பார்த்துக் குறித்துக்கொண்டு அதற்கு அருகிலேயே வாங்குங்கள். ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே ஸ்பேசர் என்ற தகட்டை வைத்து வெளியே தள்ளுவதற்குச் சம்மதிக்கவே வேண்டாம். நடுத் துளை ஹப்பில் சரியாக உட்கார வேண்டும், நட்டின் சாய்வும் வீலின் சாய்வும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய நட்டையே புது அலாயில் போட்டு இறுக்கினால் சில சமயம் பொருந்தியது போலத் தெரியும், ஓடும்போது தளரும். மாட்டிய பிறகு 100 கி.மீ. ஓடியதும் நட்டை அளவோடு இறுக்கும் டார்க் ரெஞ்சால் மறுபடி ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

16 அங்குலம் வாங்குவதற்கு முன்னால் ஒரு வீலை மட்டும் முன்பக்கம் மாட்டிக் கையால் சுற்றி, பிரேக் கேலிப்பரில் உரசவில்லை என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஐந்து கதவு தார் ராக்ஸ் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அது 18, 19 அங்குலத்தில் வருகிற வேறு வண்டி. மாருதி ஜிம்னிக்காரர்களுக்கு இந்தப் பிரச்சினையே இல்லை, 195/80 ஆர்15 என்று நல்ல உயரமான பக்கச்சுவரோடுதான் வருகிறது, ரிம்மைத் தொடாமல் ஏ.டி. டயர் மட்டும் மாற்றினால் போதும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பும், தயாரிப்பாளர் குறித்த அளவிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்றே சொல்கின்றன. 33 அங்குல உயர டயர், வெளியே பிதுங்கிய வீல் எல்லாம் சோதனையிலும் இன்சூரன்ஸ் கிளெய்மிலும் தலைவலி. கம்பெனியே அந்த மாடலுக்குக் கொடுத்த அளவுக்குள் இருந்தால் பேச்சுக்கு இடம் குறைவு, 245/75 ஆர்16-ஐ நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

டயர் வாங்கும்போது அளவுக்குப் பக்கத்தில் ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். எண் தாங்கும் எடை: 111 என்றால் ஒரு டயருக்கு 1,090 கிலோ. உங்கள் பழைய டயரில் உள்ளதைவிடக் குறைவான எண்ணை வாங்கக் கூடாது. எழுத்து வேகம்: எஸ் 180 கி.மீ., டி 190, எம்.டி. டயர்கள் பலவற்றில் கியூ இருக்கும், அது 160. அப்போலோ ஆப்டெரா ஏ.டி.2, யோகோஹாமா ஜியோலாண்டர் ஏ.டி., சியட் கிராஸ்டிரைவ் ஏ.டி. மூன்றுமே பார்க்கத் தகுந்தவை. உங்கள் அளவில் எது கிடைக்கிறது என்று விசாரித்துவிட்டுப் பிறகு ரிம் வாங்குங்கள், ஏனென்றால் 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு எல்லா அளவும் எல்லா நேரமும் கிடைப்பதில்லை. பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதி இருக்கும், 1425 என்றால் 2025-இன் 14-ஆவது வாரம் செய்தது. வருடக்கணக்கில் கடையில் கிடந்ததைத் தள்ளுபடியில் கொடுத்தால் வாங்க வேண்டாம்.

அப்புறம், நான்கு இல்லை, ஐந்தாக வாங்குங்கள். ஃபோர் வீலில் போட்டு ஓட்டும்போது நான்கு டயரின் சுற்றளவும் ஒன்றாக இருந்தாக வேண்டும், ஸ்டெப்னி வேறு அளவில் இருந்து அதை மாட்டினால் முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். ஐந்தையும் 8,000 - 10,000 கி.மீ.க்கு ஒரு முறை இடம் மாற்றிப் போட்டால் எல்லாம் ஒன்றாகத் தேயும். பின் கதவில் தொங்கும் ஸ்டெப்னி கனமானால் கீல் ஆட ஆரம்பிக்கும், அதனால் வீலும் டயரும் சேர்ந்து எத்தனை கிலோ என்று கடையிலேயே எடை போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.